இடது மரை

சிரிக்கத்தான் போகிறீர்கள் அண்ணா, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இப்போது இல்லை. இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டால் கடைசியில் வருகிற சிரிப்புக்கு மூச்சு மிச்சமிருக்காது. எனக்கு அந்தக் கவலை கிடையாது. நான் சிரிக்கவே கூடாது. விலா எலும்பில் விரிசல். காலையில்தான் நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார்: "டேய் வாலு, சிரிச்சீன்னா எலும்பு உள்ளாற போயிக் குத்தும். அப்பறம் நோவுதுக்கா நோவுதுக்கான்னு என்னையக் கூப்புடப்புடாது." அச்சு அசல் அவர் குரல்தானே? எதிர்ப் படுக்கைப் பெரியவர் ஊசி போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டார், பாருங்கள். மடக்குங்க பெரியவரே, ஊசி இல்லை, நான்தான்.

ஆகையால் என் பங்கையும் சேர்த்து நீங்கள்தான் சிரிக்க வேண்டும். உங்கள் மச்சினர் மயக்கம் தெளிய இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொசு அடிப்பதற்குப் பதிலாக என் கதையைக் கேட்கலாம்.

கையைப் பார்க்கிறீர்கள். பார்க்காதீர்கள். அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது பின்பாதி. விலா எலும்பு கதையிலேயே வராது. அது கதை முடிந்த பிறகு நடந்தது. அதில் சிரிப்பு ஒன்றும் இல்லை.

என் பெயர் தரணீஷ். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முதல் வருஷம். அங்கே நான் கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது. இன்னொன்று, பிரின்சிபால் குரலில் மைக்கில் லீவு விடுவது. அவருடைய சுழல் நாற்காலி பழைய காலத்துத் திருகு நாற்காலி, துருப்பிடித்து ஒரே உயரத்தில் நின்றுவிட்டது. ஒரு வாரம் நான் யாருக்கும் தெரியாமல் அதற்கு எண்ணெய் விட்டேன். ஒருநாள் அவர் போனில் பேசிக்கொண்டே ஒரே பக்கமாகச் சுழல, சுழலச் சுழல நாற்காலி இறங்குகிறது, மனிதருக்குத் தெரியவில்லை. "ஆமாங்க சார்… சரிங்க சார்…" கடைசியில் மேசைக்கு மேலே மீசை மட்டும்தான் இருந்தது.

இதற்குச் சிரிக்காதீர்கள். இது சும்மா.

எண்ணெய்க்குப் பொறுமை வேண்டும் என்று சொல்ல வந்தேன். விட வேண்டும், தட்ட வேண்டும், ஊற விட வேண்டும். என் கதையும் அப்படித்தான்.

செங்கோட்டுவேல் மாமாவுக்குப் பொறுமை ஆகாது. அவர் என் அக்காள் புருஷன். இதோ, இப்போது தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாளே, பச்சைத் துப்பட்டா, அவள்தான் அக்கா. கோகிலவாணி. பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது, கவனித்தீர்களா? நான் இந்தக் கதையை ஆரம்பித்தாலே அவளுக்குத் தாகம் எடுத்துவிடும். அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மி.

மாமாவுக்கு லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை, பைபாஸ் ரோட்டோரம். நட்டு ஒன்று கழலவில்லை என்றால் மற்றவர்கள் மண்ணெண்ணெய் விடுவார்கள், டீசல் விடுவார்கள், துரு இளக்குகிற ஸ்பிரே அடிப்பார்கள். மாமா விடமாட்டார். "எண்ணெய் போட்டுக் கழட்டறவன் பொம்பளடா மாப்ளே." ஸ்பேனர் பிடியில் ஆளுயரப் பைப்பைச் சொருகி, பைப்பின் மேல் ஏறி நின்று குதிப்பார். நட்டு கழலும். இல்லாவிட்டால் போல்ட்டு முறியும். இரண்டில் எது நடந்தாலும் ஒரே சிரிப்புத்தான். "முறிஞ்சாலும் கழண்ட கணக்குத்தான் மாப்ளே!"

தொண்டையில் ஜல்லி கொட்டின மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான் அவர் குரல். கல்யாண வீடுகளில் என்னை மேசைமேல் ஏற்றிவிட்டு, "என்னைய மாதிரி பேசுடா" என்பார். பேசினால் தோளில் ஒன்று வைப்பார். பேசாவிட்டால் கன்னத்தில் வைப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் அண்ணா. என் சேட்டைக்கு முதலில் சிரிக்கிற ஆள் அவர்தான்.

கல்யாணமான வருஷத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்வாசல் வழியாகப் பூனைபோலப் போய், அடுப்படியில் நின்ற அக்காளின் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா குரலில் ஒரு அதட்டல்: "ஏய் கோகிலா!" அவள் கையிலிருந்த குழம்புச் சட்டி தரையில். சட்டி கிடக்கட்டும். அவள் அப்படியே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். கொதிக்கிற குழம்பு காலில் ஓடுகிறது, கையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. வாசலில் மாமா, இந்தப் பக்கம் நான், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கொப்புளம் ஆறப் பொங்கல் ஆகிவிட்டது. சொன்னேனே, நகைச்சுவை கம்மி.

அதற்கப்புறம் அவள் அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அடிக்கிறார், சூடு வைக்கிறார் என்று. மாமா மறுத்துப் பேசவே இல்லை. தெருவில் நின்று சிரித்தார். "அவளுக்கு மரை கழண்டு போச்சுங்க." அவ்வளவுதான் சொன்னார். போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளம்தானே மரை? தலைக்குள்ளே ஒரு போல்ட்டு லூசாகிவிட்டது என்கிறார். தெருவே சிரித்தது. அழுகிறவள் ஒரு பக்கம், சிரிக்கிறவன் ஒரு பக்கம் நின்றால் ஊர் எந்தப் பக்கம் போய் நிற்கும், சொல்லுங்கள்.

அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "கண்ணு, ஆம்பளைன்னா கை கொஞ்சம் நீளத்தான் செய்யும். நீதான் அனுசரிச்சுப் போகோணும் சாமி." அம்மா குரல் சுமாராகத்தான் வரும் எனக்கு, மூக்கு அடைக்க வேண்டும். அப்பாவுக்குக் குரலே கிடையாது, செய்து காட்ட ஒன்றுமில்லை. ஸ்டேஷனில், "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்ப்பா. இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க. நடுவுல வந்த நாங்கதான் கேனையனாவோம்." வார்டு வாசலில் இப்போது ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரும் அதே ஸ்டேஷன்தான். எனக்குக் கை போனதும் ஓடிவந்து கேஸ் எழுதிக்கொண்டார்கள். அக்காளுக்கு எழுதவில்லை. அவளுக்கு எல்லாமே துணிக்குள் இருக்கிற காயம், யாரும் பார்க்க முடியாது.

சரி, கேளுங்கள். ஒருநாள் அக்கா பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள். கரும்புக்காடு தாண்டுவதற்குள் மாமா பிடித்துவிட்டார். முடியைப் பிடித்து வரப்பு நெடுக இழுத்துக்கொண்டு வந்தார். வந்த கையோடு பின்கதவைப் பெயர்த்து எறிந்துவிட்டு, லாரிப் பாடிக்குப் போடுகிற கனத்த இரும்புத் தகட்டை அந்த இடத்தில் வைத்து, மூலைக்கு ஒரு போல்ட்டாக நான்கு போல்ட்டு அடித்தார். உள்ளே நின்று அடித்தார், அதனால் நட்டெல்லாம் உள்பக்கம். முன்வாசலுக்குப் பெரிய பூட்டு. சாவி இடுப்புக் கயிற்றில். அக்காளின் போனைப் பட்டறைக்கு எடுத்துப் போய் வைஸில் வைத்து நெரித்தார். இரும்பைப் பிடித்துக்கொள்ள மேசையில் இரும்பு வாய் ஒன்று பொருத்தியிருப்பார்களே, பிடியைச் சுற்றினால் வாய் மூடும், அதுதான் வைஸ். போன் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஒரு வாரம் போயிற்று. சனிக்கிழமை மாமா எனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்து ஒரு ஜோக் சொன்னார். "நாளைக்குச் சாயந்தரம் வேன் சொல்லியிருக்கேன் மாப்ளே. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு எடம் இருக்குது. மரை கழண்டதுகளையெல்லாம் மரத்துல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. உங்கக்காளைக் கொண்டுபோய் விட்டர்றேன். சங்கிலி போட்டாத்தான் அவளுக்கு மரை இறுகும்."

"எப்ப மாமா கூட்டியாருவீங்க?"

"எதுக்குடா கூட்டியாறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அண்ணா, அவர் சொன்ன ஜோக் ஒன்றுக்கு எனக்குச் சிரிப்பு வராமல் போனது அன்றைக்குத்தான். சால்னா சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா பட்டறையில் இருந்தார். நான் தொரட்டிக்கோலில் ஒரு மஞ்சப்பையை மாட்டி அவர் வீட்டுக் குளியலறை ஜன்னல் சந்து வழியாக உள்ளே இறக்கினேன். பைக்குள் ஒரு ஸ்பேனர், வாயைப் பெரிசு சிறிசு ஆக்கலாமே அந்த மாதிரி. ஒரு பாட்டில் எண்ணெய், மண்ணெண்ணெயில் கொஞ்சம் கியர் ஆயில் கலந்து நானே தயாரித்தது. என் சிநேகிதன் நந்தாவின் பழைய போன் ஒன்று. வெளியிலிருந்து தகட்டை இடித்தால் தெருவே கூடிவிடும், தெரு மாமா கட்சி. உள்ளேயிருந்து அக்காதான் கழற்ற வேண்டும். கழற்றி வந்தால் கரும்புக்காட்டு வரப்பில் நந்தா பைக்கோடு நிற்பான்.

போன் போட்டேன். "அக்கா, நட்டைச் சுத்தி எண்ணெய விடு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல மயிரிழைச் சந்து இருக்கும், அதுக்குள்ள எறங்கோணும். விட்டுப்போட்டு அம்மிக் குழவியில மெல்லத் தட்டு. மறுக்கா விடு. ஒடனே திருகாத. ஊறட்டும்."

"எத்தன நேரம்டா ஊறோணும்?"

"அது எண்ணெயோட இஷ்டம்."

அப்புறம் மெல்லச் சொன்னாள். "தரணி, அவரு வேலைக்குப் போனதும் தெனமும் இடுக்கிய வெச்சுத் திருகிப் பாக்கறன்டா. திருகத் திருக இறுகுது. கழட்டறதுக்குத் திருப்புனா இறுகுமாடா? எனக்கு நெசமாவே மரை கழண்டு போச்சோ என்னமோ."

"எந்தப் பக்கம் திருப்புன?"

"எடது பக்கந்தான்."

இடது பக்கம் திருப்பினால் கழலும். வலது பக்கம் திருப்பினால் இறுகும். உலகம் முழுக்க அதுதானே சட்டம்? எனக்கும் விளங்கவில்லை. "துருதான் புடிச்சிருக்கும், எண்ணெய விடு. போனைக் கட் பண்ணாத. பேசவும் பேசாத. நான் போயி மாமனைப் புடிச்சு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, என் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நான் அங்கே என்ன பேசுகிறேன் என்று அவளுக்குக் கேட்க வேண்டும், அவர் கிளம்பிவிட்டால் தெரிய வேண்டும். அதற்குத்தான் போன்.

பட்டறையில் மாமாவும் வெல்டர் பொங்கியண்ணனும் மட்டும். பொங்கியண்ணன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்றால், எதையும் பார்க்கமாட்டார். வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான் பாவி. டிரைவர் ஜன்னலில் முழங்கையைப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க, பொழுதோட மலையேறோணுமுங்க. இருட்டுனா ஆனை வரும்" என்கிறான். மாமா கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு சிரிப்புக் கதை சொல்லட்டுமா?"

"வந்து கேக்கறன்டா."

"வந்து கேட்டா ஆறிப்போயிரும். உங்க வயிறு வலிக்கலேன்னா என்னைய என்ன வேணாப் பண்ணுங்க."

"என்ன வேணாவா?" துண்டில் கையைத் துடைத்தார். கண் வைஸ் பக்கம் போயிற்று. எனக்கும் தெரியும், அந்தப் பக்கம்தான் போகும் என்று. பட்டறையில் புதிதாக வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தப் பந்தயம் உண்டு. விரலை வைஸில் வைக்க வேண்டும், யார் கடைசிவரைக்கும் கத்தாமல் இருக்கிறான் என்று பார்ப்பார்.

இடது கையை நானே கொண்டுபோய் வைத்தேன் அண்ணா. வலது கை சோற்றுக் கை.

"சிரிப்பு வராத ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சுத்து" என்றார். வேன்காரனிடம், "இருப்பா, ஒரு கூத்து இருக்குது" என்றார்.

ஆரம்பித்தேன். ஒரு ஊரில் ஒரு லாரி. வீல் நட்டு கழலவில்லை. டிரைவர் திருகிப் பார்க்கிறான்: "எங்கய்யா காலத்து நட்டுங்க இது, எங்கய்யா மாதிரியே அசைய மாட்டேங்குது!" முடியவில்லை. கிளீனர் வருகிறான், திக்குவாய்: "மு-மு-மொதலாளி, நா-நா-நட்டு…" அவனாலும் முடியவில்லை. பஞ்சர் கடைக்காரன் வருகிறான். பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார். ஊரில் எத்தனை பேரோ அத்தனை பேரும் வரிசையாக வந்து திருகுகிறார்கள். கதையில் முடிவு கிடையாது அண்ணா. நான் யோசிக்கவே இல்லை. எண்ணெய் ஊறுகிற வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சிரிப்பு எங்கடா?"

"வருது மாமா. ஊறிக்கிட்டு இருக்குது."

பிடியை ஒரு சுற்று சுற்றினார்.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயே ஆகாத அந்த மனுஷன் அந்த வைஸின் மரைக்கு மட்டும் தினமும் கிரீஸ் வைப்பார். விரலால் தடவித் தடவி வைப்பார். அக்கா தலைக்குத் தேய்க்க எண்ணெய் கேட்டால் கிடைக்காது, வைஸுக்குக் கிரீஸ் உண்டு. அதனால் அது சத்தமே போடாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடும். நகத்துக்கடியில் இரத்தம் கட்டுவது எனக்கே தெரிந்தது. கத்தல் வந்தது.

கத்தலாம். ஆனால் யார் குரலில் கத்துவது? என் குரலில் கத்தினால் அந்தப் பக்கம் அக்கா ஸ்பேனரைப் போட்டுவிடுவாள். அவளுக்கு என் குரல் தெரியும். ஆகவே டிரைவர் குரலில் கத்தினேன்: "அய்யோ எங்கய்யா!" மாமா சிரித்தார். அடுத்த சுற்றுக்குக் கிளீனர் குரலில் திக்கித் திக்கிக் கத்தினேன். எலும்பு நெரிகிற சத்தம் சுக்கு தட்டுகிற மாதிரிக் கேட்டது. மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. "திக்குவாயன் கத்துனா இப்புடித்தான் கத்துவான்! டேய் பொங்கியா, கேட்டியாடா?"

பொங்கியண்ணன் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கிரைண்டரைப் போட்டு ஒரு பழைய கம்பியை ராவ ஆரம்பித்துவிட்டார். பட்டறை முழுக்க ஙொய்ங் என்று ஒரே சத்தம், தீப்பொறி.

எனக்குத் தலை சுற்றியது. வாயில் என்ன வருகிறதென்றே தெரியாமல், கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "மாமா! வலது பக்கம் சுத்துனா இறுகுற மாதிரியே ஏன் மாமா வாங்குனீங்க? எடது மரை வைஸ் ஒண்ணு வாங்கியிருந்தீங்கன்னா என்ற வெரலு தப்பிச்சிருக்குமே!"

அதற்குத்தான் அண்ணா அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என் காதுக்குள், அதாவது சட்டைப் பைக்கு ஒரு சாண் மேலே, கிரைண்டருக்கும் மேலே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எடது மரைய எங்க போடோணுமோ அங்க போட்டிருக்கன்டா மாப்ளே! பழைய லாரி எடது சக்கரத்து போல்ட்டு. உங்கக்கா கதவுக்கு அதத்தான் அடிச்சேன். உப்புத் தண்ணியும் ஊத்தி உட்டேன், துருவேறட்டும்னு. தெனமும் நான் போன பொறகு கழட்டறேன்னு திருகறா. கழுதைக்குத் தெரியாது. திருகத் திருக இறுகுது! வந்து பாத்தா முந்தா நாளுக்கு நேத்து இறுகியிருக்குது, நேத்துக்கு இன்னைக்கு இறுகியிருக்குது. என்ற பைப்பு செய்யாத வேலைய அவளே செஞ்சு வெச்சிருக்கா!"

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்து நட்டுக்கு மட்டும் மரை தலைகீழ். வண்டி ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். ஒரு வாரமாக அக்கா தன் பலத்தையெல்லாம் போட்டுத் தன்னையே உள்ளே வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சாயங்காலம் வந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

நல்ல சேட்டைதான். நான் ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தோன்றியிருக்காது.

"அட!" என்று கத்தினேன், குனிந்து, பைக்கு நேராக, பஞ்சாயத்துத் தலைவர் குரலில். "அப்ப அந்த நட்டை வலது பக்கம் திருப்போணும்னு சொல்லுங்க! கடியாரத்து முள்ளு போற பக்கம்! மொதல்ல மயிரிழை இறுக்கிக் குடுத்து, அப்பறம் கழட்டுனா எண்ணெய் உள்ளாற எறங்கும்! பொதுமக்கள் அனைவரும் வலது பக்கமே திருப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்!"

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் முகம் மாறும் அவருக்கு. எப்போதுமே அப்படித்தான். "இது உன் கதைக்கு வந்த சிரிப்பில்ல. நான் சொன்னதுக்கு நானே சிரிச்சேன். கதைக்குச் சிரிப்பு எங்கடா?" இன்னொரு சுற்று. வேன்காரன் ஹாரன் அடித்தான். "எளவு, இருடா!" என்று அவனையும் ஒரு அதட்டு.

ஆட்களை வரவழைத்துக்கொண்டே இருந்தேன். பால்காரன், டாக்டர், பிரின்சிபால், நர்ஸ், கோயில் பூசாரி, ஒவ்வொருத்தராக வந்து நட்டைத் திருகினார்கள், ஒவ்வொருத்தர் குரலிலும் நான் கத்தினேன். பிரின்சிபால் குரலில் "இது ஒழுங்கீனம்!" என்று கத்தினேன், சுண்டுவிரல் அப்போதுதான் போயிற்று. அக்கா ஏமாந்துவிட்டாள் அண்ணா, அதுதான் வேடிக்கை. கதைதான் சொல்கிறேன், கதைக்குள்ளேதான் ஆட்கள் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் சொல்லவில்லை. அவள் முன்கையில் வளையலுக்கு மேலே பல் பதிந்த தடம் ஒன்று இருக்கிறது, வட்டமாக, சீழ் வைத்துவிட்டது. "யாரு கடிச்சது?" என்றால் "நாந்தான்" என்கிறாள். "தன் கையைத் தானே கடிக்கிறயே, உனக்கு நெசமாவே மரை கழண்டு போச்சா?" என்று மாமா குரலில் கேட்டுப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, வந்துவிட்டோம். பொறுங்கள்.

ஒரு கட்டத்தில் குரல் தீர்ந்துவிட்டது. ஊரில் ஆளே மிச்சமில்லை. மாமா பிடியில் இரண்டு கையையும் வைத்து, உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தினார். யார் குரலைத் தேடினாலும் வரவில்லை. என் குரல் வந்துவிட்டது. சொந்தக் குரல். அதை நானே ரொம்ப நாளாகக் கேட்டதில்லை அண்ணா, சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "அக்கா!" என்று கத்திவிட்டேன்.

அந்தக் குரல் கிரைண்டரைத் தாண்டிப் போய் பொங்கியண்ணனுக்குக் கேட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வைஸைப் பார்த்தார். கீழே சொட்டுகிறதைப் பார்த்தார். கிரைண்டரை நிறுத்தினார்.

"உட்ருங்க மொதலாளி" என்றார். "பையனை உட்ருங்க."

வாழ்நாளில் அவர் காட்டிய ஒரே வீரம் அதுதான். அதைக் காட்ட அந்த நேரம்தானா கிடைத்தது? கிரைண்டர் நின்றதும் பட்டறையில் ஒரு சத்தம் இல்லை. ரோட்டில்கூட வண்டி இல்லை. அந்த அமைதியில், என் சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

கிறீ…ச்.

மெக்கானிக் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். துருப்பிடித்த நட்டு எண்ணெய் குடித்து, அடம் விட்டு, முதல் தடவையாக அசைகிற சத்தம். அதைக் கேட்டால் எந்த ஃபிட்டருக்கும் உடம்பு தானாகத் திரும்பும். மாமா உடம்பும் திரும்பியது. எந்த வண்டி, எந்தச் சக்கரம் என்று பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். பட்டறையில் யாரும் எதையும் கழற்றவில்லை. பொங்கியண்ணன் கை சும்மா இருந்தது. மாமா கை வைஸ் பிடியில். என் கை வைஸ் வாயில்.

மறுபடியும் கிறீ…ச். இந்தத் தடவை நீளமாக. என் குரலைக் கேட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை, பார்த்தீர்களா?

மாமா மெல்லக் குனிந்து, என் நெஞ்சில் காதை வைத்தார். டாக்டர் வைக்கிற மாதிரி. உள்ளே நாலாவது நட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது, மற்ற மூன்றும் கிரைண்டர் சத்தத்துக்குள்ளேயே விழுந்திருக்க வேண்டும். அப்புறம் அம்மிக் குழவியால் ஒரு இடி. இன்னொரு இடி. அப்புறம் கனத்த இரும்புத் தகடு ஒன்று வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுகிற சத்தம், டமார் என்று, காது அடைத்துப் போகிற மாதிரி. அதற்கும் பின்னால் கரும்புத் தோகை சலசலப்பு.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். உதடு அசைகிறது, பேச்சு வரவில்லை. அவருக்குக் குரல் வரவில்லை என்றால் என்ன, எனக்கு வருமே? அவர் தொண்டையில் கொட்டியிருக்கிற ஜல்லியையெல்லாம் என் தொண்டையில் கொட்டிக்கொண்டு, அவர் தெருவில் நின்று சொல்வாரே, அதே மாதிரி, அதே சிரிப்போடு சொன்னேன்:

"மரை கழண்டு போச்சுங்க."

செங்கோட்டுவேல் மாமா சட்டென்று இடுப்பைத் தடவிப் பார்த்தார் அண்ணா. சாவி அங்கேயேதான் இருந்தது.